தலைகீழ்க் கோடுகள்

கொழும்புக் கோட்டை, 1862 தை

"லேசான ஜலதோஷம்" என்று
நாலாம் பத்தியில் அடுக்கியவன் பஸ்தியாம்பிள்ளை.
போன கப்பல் கொண்டுவந்த சேதி அது:
அரசியின் நாயகர் கஞ்சி குடிக்கிறார்,
மகள் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுகிறாள்,
கவலைப்பட ஏதுமில்லை, நலம்.

சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
ஒரு நெல் அளவு கூடுதலாக இடம் விடுவான் அவன்.
காகிதம் வீண் என்று வன்றோயன் துரை ஏசுவார்.
"வாசிக்கிறவன் மூச்சுவிட வேண்டாமோ" என்பான்.

காலியிலிருந்து மத்தியானம் தந்தி வந்தது.
துரை இரண்டு தரம் வாசித்தார்.
தொப்பியைக் கழற்றி, பார்க்காமல்,
மை உருளையின் மேல் வைத்தார்.
அந்தத் தொப்பியை அவர் பிறகு போடவில்லை.

மார்கழியிலேயே போய்விட்டாராம்.
நாங்கள் பொங்கிப் பானை கழுவிக் கவிழ்க்கும்வரை
கடலுக்கு இந்தப் பக்கம்
உயிரோடுதான் இருந்தார்.
தேவாலயத்தில் துரைமார் ஞாயிறுதோறும் முழங்காலிட்டு
அடக்கம் முடிந்தவருக்கு ஆயுள் கேட்டார்கள்.
என்ன காய்ச்சல் என்று தந்தி சொல்லவில்லை.
சொல்லுக்குச் சொல் காசு.

"நாலாம் பத்தியைக் கலை."

கலைத்தேன்.
நலத்திலிருந்து லகரத்தை எடுத்தேன்.
ககரம், துணைக்கால், லகரம்,
மகரம், மறுபடி கால்,
சுழித்த னா, தலையில் புள்ளியோடு ஒரு ர்.
காலமானார்.
மாட்சிமை, மகாராணியார், பாராளும்...
துக்கத்துக்கு எத்தனை கால் வேண்டியிருக்கிறது!
பெட்டி ஒழிந்தது.
ரகரங்களை எடுத்துக் கால்களாக நிறுத்தினேன்.
இரண்டுக்கும் ஒரே உடம்புதான்,
ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

கறுப்புக் கரை கட்ட வேண்டும்.
தனி ஈயம் எங்களிடம் கிடையாது.
துரையே காட்டித் தந்தார்:
பத்திகளுக்கு நடுவே நிற்கும் கோட்டை உருவு,
தலைகீழாக நடு.
மயிரிழை முனை உள்ளே போய்விடும்,
தடித்த அடிப்புறம் மேலே வரும்.
நாள்தோறும் அங்கேயே நின்றிருக்கிறது அந்தக் கறுப்பு,
காகிதம் தொடாத பக்கத்தில்.

மாலையில் மதிலிலிருந்து வேட்டுப் போட்டார்கள்,
நிமிஷத்துக்கு ஒன்று.
முதல் மூன்றுக்கும் காகங்கள் எழும்பிச் சுற்றின.
நாலாவதுக்கு இரண்டு மட்டும்.
பிறகு பழகிப்போயிற்று.

மைம்மலில் கொச்சிக்கடைக்கு நடந்தேன்.
பஸ்தியாம்பிள்ளைக்கு இன்று பதினோராம் நாள்.
வயிற்றில் வெந்தய அளவில் சிவப்புப் புள்ளிகள்,
நாக்கு காய்ந்த பலாவிலை.
வளவில் சாக்கடைக்கும் கிணற்றுக்கும் நடுவே
ஒரு கறிவேப்பிலைக் கன்றுதான் வேலி.
எமிலியானா அந்தக் கிணற்றில்தான் துணி நனைத்து
நெற்றியில் போடுகிறாள்.
"லேசான சூடுதான், அண்ணை" என்கிறாள்,
என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்து.

"வேட்டுச் சத்தம் கேட்டுதே?"
"கப்பல் வந்திருக்கு."
"அந்த நாயகருக்கு எப்படியாம்?"

பன்னிரண்டு வருஷமாக
எழுத்தை இடம்வலம் மாற்றியே வாசித்துப் பழகிய கண் என்னுடையது.
வாய்க்கும் அது தொற்றியிருக்க வேண்டும்.
"சுகம் வந்திட்டுது. எழும்பி இருந்து
கஞ்சி குடிக்கிறாராம்."
"எந்தப் பத்தியில?"
"நாலாம் பத்தி. நீ அடுக்கினபடியே."
"இடம் குறைச்சிட்டாரோ துரை?"
"இல்லை. ஒரு நெல்லும் குறைக்கேல்லை."

கண்ணை மூடிக்கொண்டான்.
ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் நடுவே
அவன் விட்ட இடத்தை
எண்ணிக்கொண்டிருந்தேன்.

எமிலியானா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.
விரல் மை செம்பில் படாமல் வாங்கி
முழுவதையும் குடித்தேன்.